ஐந்து நேரமும் கழுவும் காலை ஒரு நேரமாவது பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவராவது இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். அப்படி ஒருவர் இல்லாத வீடு நம்ம பகுதியில் குறைவு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம். எங்கள் பள்ளியில் அப்போதுதான் புதிதாக வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். வுழூ எடுக்கும் இடத்திலிருந்து மூன்றாவது ஸஃப் வரைக்கும் சிவப்புப் பொட்டுகள், ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு. மோதினாருக்குக் கோபம். "யாருக்குக் காலில் காயம்? இரத்தத்தோட பள்ளிக்குள்ள வந்தா எப்படி?" என்று சத்தம் போட்டார். எல்லாரும் ஆளுக்காள் காலைப் பார்த்தோம். வாப்பாவும் குனிந்து தேடினார். "சின்னப் பொடியன்மாராத்தான் இருக்கும், பந்தடிச்சுப்போட்டு அப்படியே ஓடி வந்திருப்பானுகள்" என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே அடுத்த பொட்டு விழுந்திருந்தது.

வெளியே வந்து அவருடைய பாட்டாவைப் புரட்டிப் பார்த்தேன். கூரைத் தகடு அடிக்கிற ஆணி ஒன்று அடியால் ஏறி, மேலே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் மீன் மார்க்கட்டுக்குப் போனது, தேத்தண்ணிக் கடையில் இருந்தது, முடி வெட்டப் போனது எல்லாம் அந்தச் செருப்போடுதான். ஒவ்வொரு எட்டுக்கும் அந்த ஆணி அவருடைய பாதத்துக்குள் போய் வந்திருக்கிறது. பிறகு பள்ளியில் வுழூ எடுத்திருக்கிறார். விரல்களுக்கு நடுவே விரல் விட்டுக் கோதி, குதிக்கால் நனைந்ததா என்று தடவி, கரண்டை வரைக்கும் முறையாகக் கழுவியிருக்கிறார். அப்போதும் தெரியவில்லை.

"எனக்கு ஒரு நோவுமில்ல மனே" என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நோவில்லை என்று அவர் சொன்னதால் நாங்களும் அமைதியாகிவிட்டோம். வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டினோம். பார்மசியில் கேட்டு ஏதோ குளிசை வாங்கினோம். அந்தக் கிழமை சாச்சாவின் மகளுக்குக் கலியாணம். வாப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வாசலில் நின்று ஆட்களை வரவேற்றார். ஆறாவது நாள் உம்மா சொன்னா, அறைக்குள் என்னவோ மணக்குது என்று. சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் கால் கரண்டைக்கு மேலே வரைக்கும் சிவந்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதி. நாலாவது மாதம் முழங்காலுக்குக் கீழே.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். தரம் 11 பிள்ளைகளுக்கு நரம்புத் தொகுதியைப் பலகையில் வரைந்து, தெறிவில் எப்படி வருகிறது, சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கை ஏன் இழுபடுகிறது என்று வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறவன். என் சொந்த வாப்பாவின் காலில் ஆணி ஏறியும் கால் இழுபடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்கு ஆறு நாள் போதவில்லை. வருத்தம் விசாரிக்க வந்தவர்கள் "நஸீபு" என்று ஆறுதல் சொன்னார்கள். நஸீபை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆணியைக் கண்ட பிறகும் ஆறு நாள் சும்மா இருந்தது நான்தான்.

அதற்குப் பிறகு கட்டு மாற்றக் கூட்டிக்கொண்டு போய் வந்த மாதங்களில் டொக்டர்மாரிடமும் தாதிமாரிடமும் கேட்டதையும், நானாகத் தேடி வாசித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

சீனி பல வருடம் கூடிக்கிடந்தால் நரம்புகள் பழுதாகும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. அதனால் பழுதும் பெரும்பாலும் விரல் நுனியிலிருந்துதான் தொடங்கி மேலே ஏறும். முதலில் விறைப்பு, எறும்பு ஊருகிற மாதிரி, இரவில் எரிச்சல். பிறகு அதுவும் நின்றுவிடும். நம்ம ஆட்கள் அந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். "முந்தி கால் எரிஞ்சது, இப்ப சுகம்" என்பார்கள். எரிச்சல் நின்றது சுகமாகித்தான் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. நரம்பு செத்தும் நின்றிருக்கலாம். வியர்வையைத் தூண்டுகிற நரம்பும் பழுதாவதால் தோல் காய்ந்து குதிக்கால் வெடிக்கும். பாதத்தின் சின்னத் தசைகள் மெலிந்து விரல்கள் வளையும், பாரம் எல்லாம் ஓரிரு இடத்தில் வந்து விழும், அங்கே தோல் தடிக்கும், தடித்த தோலுக்கு அடியில் புண் வரும். இதோடு காலுக்குப் போகிற இரத்தக் குழாயும் ஒடுங்கியிருந்தால் வந்த புண் ஆறாது. பீடி, சிகரட் பழக்கமும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நோவு என்பது அல்லாஹ் தந்த காவல்காரன். இதை வார்த்தை அழகுக்காகச் சொல்லவில்லை. மருத்துவ உலகத்துக்கு இதைப் புரிய வைத்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார். போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோய் வந்தால் கைவிரலும் கால்விரலும் நோயாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அந்தக் காலத்தில் பலரும் நினைத்திருந்தார்கள். அவர் நோயாளிகளோடு இருந்து பார்த்தார். விரல்கள் தானாக விழவில்லை. உணர்வு இல்லாததால் அவர்கள் சூட்டுச் சட்டியைப் பிடித்தார்கள், காயத்தோடு நடந்தார்கள். இரவில் தூங்கும்போது எலி கடித்தாலும் அவர்களுக்குத் தெரியவில்லை. வைத்தியம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு அவர் பூனையையும் அனுப்பி வைத்தார். எலி கடிப்பது அந்தக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். விறைத்த காலை எலி கடித்து, விடியத்தான் கண்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிறகு பிராண்ட் அமெரிக்கா போய், தொழுநோயாளியின் பாதத்தில் படித்த அதே பாடத்தைச் சீனி நோயாளியின் பாதத்துக்குக் கொண்டுபோனார்.

அவருக்கும் முன்னால், 1930களிலேயே, நம்ம நாட்டில் மில்ரோய் போல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் உணர்விழந்த பாதத்தில் வரும் புண்ணுக்குக் காலோடு ஒட்டிய சாந்துக்கட்டு போட்டு ஆற்றியதாக மருத்துவக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது மருந்து இல்லை. புண்ணில் பாரம் விழாமல் பார்ப்பதுதான் அந்தக் கட்டின் வேலை. பாதத்தின் அடியில் புண் உள்ள ஒருவர் எவ்வளவு விலையான மருந்து போட்டாலும், அதே காலை ஊன்றிக் கடைக்கும் பள்ளிக்கும் போய் வந்தால் புண் ஆறாது. இன்றைக்கும் வைத்தியத்தின் முதல் பகுதி அதுதான்: பாரத்தை எடுப்பது, செத்த தோலை வெட்டிச் சுத்தம் செய்வது, கிருமி இருந்தால் அதற்கு மருந்து, இரத்த ஓட்டம் சரியா என்று பார்ப்பது, சீனியைக் குறைப்பது. இவை எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் சல்லி இல்லாமல் கிடைக்கிற நாடு இது. நாங்கள்தான் நேரத்துக்குப் போகவில்லை.

2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ஓர் ஆய்வு நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி என்று வந்தது. அதற்குப் பிறகு நம்ம சாப்பாடும் இருப்பும் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கலியாண வீடுகளுக்குப் போகிற உங்களுக்கே தெரியும்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உலகத்தில் காலை இவ்வளவு கழுவுகிற சமூகம் நம்மைப் போல் எத்தனை இருக்கும்? ஒரு நாளைக்கு ஐந்து தடவை நம் கை நம் பாதத்தைத் தொடுகிறது. ஓதப் போன காலத்திலேயே குதிக்கால் காயாமல் கழுவ வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் போக வேண்டும் என்று அடித்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பாதத்தைப் பராமரிக்கிற பழக்கத்தில் முக்கால்வாசி நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. இல்லாதது இரண்டே இரண்டு: பார்ப்பதும் துடைப்பதும். கை மட்டும் கழுவுகிறது, கண் அடுத்தவர் வரிசையைப் பார்க்கிறது, வாய் கதைக்கிறது. விறைத்த காலுக்குக் கண்தான் நரம்பு. கையும் விறைத்துப் போனவருக்குத் தடவியும் பிரயோசனமில்லை, வாப்பாவின் கதையில் நடந்த மாதிரி.

ஆகவே இஷாவுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன், ஒரு தடவை பாருங்கள். மேலே, அடியில், விரலிடுக்கில், குதிக்காலில். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். கண் பார்வையும் மங்கியிருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் நம்மை விட நன்றாகப் பார்ப்பார்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. மூத்தாப்பாவின் மீதமுள்ள காலை டோர்ச் அடித்துப் பார்ப்பது அவளுடைய வேலை. போன மாதம் சின்ன விரலுக்கு அடியில் ஒரு கொப்புளத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அடுத்த நாள் காலையிலேயே காட்டிவிட்டோம். கிழமை ஒன்றரையில் ஆறியது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் டொக்டர்மார் கொண்டுவந்தது. சீனிக்காரர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் ஆகியவற்றின் நுனியை மெதுவாக, ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஒரே இடத்தைத் திரும்பத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. இரண்டு காலிலும் ஆறு இடம். தொடும்போது "இப்ப தொடுறாய்" என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்துவிட்டது, அந்தக் காலுக்கு இனிக் காவல் வேண்டும். ஐந்து நிமிடமும் எடுக்காது. நாளைக்கே உம்மா வாப்பாவுக்குச் செய்து பாருங்கள். நான் எங்கள் பாடசாலையில் ஆசிரியர் அறையில் வைத்துச் செய்து காட்டினேன். எங்களில் ஒருவருக்கே இரண்டு இடம் தெரியவில்லை. அன்றைக்கு அந்த அறையில் பிறகு யாரும் பகிடி விடவில்லை.

பெண்கள் விசயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்ம உம்மாமார், ராத்தாமார் வெளியில் போகும்போது கறுப்புக் காலுறை போடுகிறார்கள். கறுப்பில் இரத்தமும் தெரியாது, சீழும் தெரியாது. சீனி உள்ளவர்கள் உள்ளே வெள்ளையாக ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் வேண்டுமானால் கறுப்பைப் போடட்டும்; சப்பாத்து இறுகாமல் இருந்தால் சரி. கழற்றும்போது வெள்ளையில் கறை இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்னொன்று, ஆண் டொக்டரிடம் காலைக் காட்ட வெட்கப்பட்டு, "கால் நல்லம் டொக்டர்" என்று சொல்லிவிட்டு வருவது. எங்கள் மாமி ஒருவர் அப்படித்தான் மூன்று கிளினிக்கைக் கடத்தினா. வெட்கமாக இருந்தால் பெண் டொக்டரிடம் காட்டலாம், தாதியிடம் காட்டலாம், கூடப் போகிற மகள் எடுத்துச் சொல்லலாம். புண்ணை மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது மட்டும் கூடாது.

கிளினிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சனம் கூட. டொக்டருக்கு ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம். கொப்பியைப் பார்த்து, சீனியைப் பார்த்து, குளிசையை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். காலைப் பார்க்காமல் அனுப்புவது சரியில்லை என்பதுதான் என் நிலைப்பாடு. வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு சீனி நோயாளியின் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும், நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். நைலோன் நூல் மாதிரி ஒன்றை வைத்து உணர்வு பார்ப்பார்கள், அது செய்ய வேண்டும். ஆனால் நாங்களும் கதிரையில் இருந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு, "டொக்டர், காலையும் ஒருக்கா பார்ப்பீங்களா?" என்று கேட்கலாமே. கேட்டு இதுவரை யாரும் என்னை ஏசவில்லை.

வெறுங்கால் கதைக்கு வருவோம். இதில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வீட்டுக்குள் செருப்புப் போடுவது நம்ம பழக்கம் இல்லை. வாசலில் கழற்றுவது நல்ல பழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் போட வேறொரு மெத்தென்ற சோடியை வையுங்கள் என்கிறேன். உணர்வு குறைந்த காலுக்குக் குசினித் தரையில் கிடக்கிற மீன் முள்ளும் எதிரி, கட்டில் காலும் எதிரி. பள்ளிக்குள் காலுறையோடு போகலாம். மதியத்தில் பள்ளி முற்றத்துச் சீமெந்தில் வெறுங்காலோடு நடந்து அடி வெந்து வந்தவர்கள் உண்டு. நமக்குச் சூடு தெரிந்து துள்ளுவோம், அவர்கள் துள்ளமாட்டார்கள்.

உம்ராவுக்கு ஆள் அனுப்புகிற குழுத் தலைவர்மாரும் இதைக் கேட்க வேண்டும். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை நடந்தால் மட்டுமே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் வருகிறது. தவாப், தங்குமிடம், போய் வருவது எல்லாம் வேறு. செருப்பைத் தொலைத்துவிட்டு வெயில் தரையில் நடந்து கொப்புளத்தோடு வருகிறவர்களில் சீனிக்காரர்தான் படுகாயப்படுகிறார். அறிவுரைக் கூட்டத்தில் துஆக்களோடு சேர்த்து, செருப்புக்கு ஒரு பை, மாற்றுச் சோடி ஒன்று, இரவில் காலைப் பார்ப்பது என்று மூன்று வசனம் சொன்னால் போதும்.

இனி சுளுக்கு. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது கரண்டையை மடக்கிக்கொண்டு கெந்திக் கெந்தி வரும். பாதம் உள்பக்கம் மடங்கி வெளிப்பக்க நார்கள் இழுபடுவதுதான் பெரும்பாலும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைப்பது போதும். எண்ணெய் போட்டு உருவுவது, சூடு பிடிப்பது அந்த நேரத்தில் வேண்டாம், வீக்கம் கூடும். முறிவா சுளுக்கா என்று பார்க்கக் கனடாவின் ஒட்டாவா நகர டொக்டர்மார் 1992இல் ஒரு எளிய விதி சொன்னார்கள். அந்தக் காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கரண்டை மொளியின் நுனியிலோ பின் விளிம்பிலோ எலும்பை அழுத்த நோகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதை உடற்கல்வி சேர்மார் எல்லாரும் மனதில் வைத்திருக்கலாம். வீக்கம் வற்றியவுடன் பிள்ளையைத் திரும்ப ஓடவிடுகிறோம், அதுவும் பிழை. ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகி, நாருக்குப் பலம் வந்த பிறகு ஓடட்டும். இல்லாவிட்டால் அதே கரண்டை அடுத்த வருடமும் மடங்கும்.

நம்ம முறிவு நெரிவு வைத்தியர்மாரை நான் குறைத்துப் பேசவில்லை. என் கை முறிந்து ஒன்பது வயதில் பத்து வைத்துக் கட்டியவர் அப்படியொரு பரிசாரியார்தான், கை இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை அவர்களும் தெரிந்திருக்க வேண்டும். பல வருடச் சீனிக்காரர் ஒருவர் பாதமோ கரண்டையோ வீங்கிச் சிவந்து வருகிறார். "மடங்கின ஞாபகம் இல்ல, நோவும் பெரிசா இல்ல" என்கிறார். புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்தக் கால் மற்றதை விடச் சூடாக இருக்கிறது. அது சுளுக்கு இல்லாமல் இருக்கலாம். உணர்வில்லாத பாதத்துக்குள் எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம், சார்கோ என்று அதற்குப் பெயர். அதை உருவினாலோ, நடக்கவிட்டாலோ பாதத்தின் வளைவு இடிந்து கால் படகு மாதிரி ஆகிவிடும். பிறகு அடியில் புண், அந்தப் புண்ணிலிருந்து வாப்பாவின் கதை. அப்படிப்பட்ட காலைக் கண்டால் எண்ணெயைத் தொடாமல், நடக்கவிடாமல் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற பரிசாரியாருக்கு நான் துஆச் செய்வேன்.

குதிக்கால் நோவு எங்களைப் போல நாள் முழுக்க நிற்கிற ஆசிரியர்மாருக்கும், சீமெந்துத் தரையில் நிற்கிற குசினிக்காரருக்கும் வருகிறது. காலையில் கட்டிலை விட்டு வைக்கிற முதல் எட்டில் குத்தும், நடக்க நடக்கக் குறையும். எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது என்று பயந்து ஓடுகிறோம். நோவே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. நோவது பாதத்தின் அடியில் ஓடுகிற தடித்த நார். கட்டிலில் இருந்தபடியே விரல்களைக் கையால் தன் பக்கம் இழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்து, பத்துத் தடவை செய்துவிட்டு இறங்குங்கள். தட்டையான பாட்டாவை விட்டுவிட்டுக் குதி கொஞ்சம் உயர்ந்த, மெத்தென்றதைப் போடுங்கள். மாதக் கணக்கில் எடுக்கும், பெரும்பாலானவர்களுக்கு வெட்டாமலேயே மாறும். தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து உருட்டச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. அது உணர்வுள்ள காலுக்கு மட்டும். சீனிக்காரர் செய்ய வேண்டாம்.

சேற்றுப்புண் வயல்காரருக்கு மட்டும் வருவதில்லை. வுழூ எடுத்துவிட்டுத் துடைக்காமல் காலுறையை இழுத்துப் போடுகிற உத்தியோகத்தர்களுக்கும் வருகிறது. மழையில் நனைந்த வெள்ளைச் சப்பாத்தை மறுநாளும் போட்டு வருகிற பிள்ளைகளுக்கும் வருகிறது. விரலிடுக்கைத் துடைத்துக் காயவிடுங்கள், துவாயை ஆளுக்கொன்றாக வையுங்கள். பார்மசியில் பெயர் சொல்லாமல் தருகிற கலப்புக் கிறீம்களில் ஸ்டெரொயிட் இருக்கும். கடி நிற்கும், பூஞ்சணம் உள்ளே பரவும். சீனிக்காரருக்கு அந்தச் சின்ன வெடிப்பே கிருமி நுழைகிற வாசல். கால் ஆணியைப் பிளேட்டால் சீவுவது, ஆணிப் பிளாஸ்டர் ஒட்டுவது இரண்டும் அவர்களுக்கு ஆகாது. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம். குதி வெடிப்புக்குக் கிறீம் பூசலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் காலை விடுங்கள். செருப்பையும் புரட்டிப் பாருங்கள்!

சீனிக்காரரின் காலில் புதிதாக ஒரு காயமோ கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால் 24 மணித்தியாலத்துக்குள் ஒரு டொக்டர் பார்க்க வேண்டும். கலியாணம் இருந்தாலும் சரி, பெருநாள் இருந்தாலும் சரி. காய்ச்சலோ மணமோ கறுப்போ இருந்தால் அந்த நேரமே.

பள்ளி நிருவாகத்திடம் நான் எழுத்தில் மூன்று விசயம் கேட்டிருக்கிறேன். வுழூ எடுக்கும் இடத்தில் நல்ல வெளிச்சம் ஒன்று. வயதானவர்கள் இருந்து காலைத் தூக்கிப் பார்த்துத் துடைக்க ஒரு நீள வாங்கு. வருடத்துக்கு ஒரு ஜும்ஆவில் ஹஸரத் பாதத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது. டைல்ஸுக்குச் செலவழித்ததில் ஒரு மூலைக்கும் இது வராது. வாங்குக்குரிய பலகையைத் தருவதாக என் மச்சான் ஒப்புக்கொண்டுவிட்டார், ஓடாவிக் கூலிதான் பாக்கி. "யோசிப்போம் சேர்" என்று பதில் வந்திருக்கிறது. கூட்டம் வருகிற சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு. வாப்பாவும் வருகிறார், சக்கரக் கதிரையில். வரக்கூடியவர்கள் வாருங்கள், கதைப்போம்.